கீழ்வாலைப் பாறை ஓவியங்கள்: படியெடுப்பும் பொருள்கோளும்

விழுப்புரம் மாவட்டம் கீழ்வாலையின் செங்காவி ஓவியங்கள் 1980களில் ஆய்வுலகிற்கு அறிமுகமாயின. பறவைமுக மாந்தர், விலங்கின்மேல் அமர்ந்தவர், அதனைக் கயிற்றால் இழுப்பவர், படகில் செல்வோர் என விரியும் காட்சிகளினும் ஆய்வாளரை மிகுதியும் ஈர்த்தவை சில குறியீடுகளே. அவை சிந்துவெளி எழுத்துகளோடு ஒப்பிடப்பட்டன.

படியெடுப்பில் மங்கிய கோட்டைத் தொடர்வதா, விடுவதா என்பதை வரைபவரே முடிவு செய்கிறார். சிந்துவெளிக் குறிகளில் பழகிய கண் அவற்றையே காணக்கூடும். காவியோ இரும்புக் கனிமம். அதில் நேரடிக் கரிமக் காலக்கணிப்பிற்கு இடமில்லை. எனவே வடிவ ஒப்புமையால் காலத்தைக் கணித்து, அக்காலத்தையே ஒப்புமைக்குச் சான்றாக்குவது வட்ட வாதமாகும். படகுக் காட்சி இத்தகைய கவனம் பெறாதது வியப்பே. ஐயத்திற்குரிய கோடுகளைப் புள்ளிக்கோடுகளாகக் காட்டி, அளவுகோலுடன் கூடிய வண்ணப்படத்தையும் உடன் வெளியிட்ட பின்னரே குறியீட்டு ஒப்பாய்வு தொடங்கப்பெறுதல் வேண்டும்.