எட்டுப் படிகளும் ஒரு மீன்கூடையும்

உளவியல் பாடநூல்களில் எரிக் எரிக்சனின் எட்டுப் பருவங்கள் பெரும்பாலும் ஓர் அட்டவணையாகத்தான் வருகின்றன. பிறந்ததும் நம்பிக்கை, 12 முதல் 18 வரை அடையாளம், பிறகு நெருக்கம், 40க்கு மேல் அடுத்த தலைமுறையைப் பேணுதல், 65க்குப் பின் நிறைவு அல்லது விரக்தி. தேர்வுக்கு மனப்பாடம் செய்ய வசதியானது.

நெட்டுக்குப்பத்தில் அறுபது வயதைக் கடந்த ஒரு மீனவப் பெண்ணிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். பன்னிரண்டு வயதில் 'நான் யார்' என்று தேட அவருக்கு அவகாசம் இருக்கவில்லை. அம்மா கூடையோடு தெருவுக்குப் போனால், தம்பி தங்கைகளுக்குச் சோறு வடித்தவர் அவர்தான். நாற்பதுக்கு மேல் வரவேண்டிய வேலை பாவாடை வயதிலேயே வந்துவிட்டது. "இன்னா கண்ணு இது கேள்வி? வேல இருந்துச்சி, செஞ்சன்" என்றார். அட்டவணைப்படி இது தவறிப்போன பருவம். தவறு அட்டவணையில் என்பது என் வாசிப்பு.

அது யாரைப் பார்த்துப் போடப்பட்டது? பெண்ணின் அடையாளத்தில் ஒரு பகுதி, வரப்போகும் கணவனுக்கும் பிள்ளைகளுக்குமாகத் திறந்தே இருக்கும் என்ற கருத்தை எரிக்சன் 1968இல் வந்த நூலிலும் வைத்திருந்தார். கோல்பெர்க் ஒழுக்க வளர்ச்சியின் படிகளை 1958இல் சிறுவர்களை மட்டும் ஆராய்ந்து வகுத்தார். லெவின்சனின் 1978ஆம் ஆண்டு நூல் 40 ஆண்களைப் பற்றியது. 1982இல் கேரல் கில்லிகன் இந்த அளவுகோலைக் கேள்வி கேட்டார். உறவையும் பொறுப்பையும் வைத்து யோசிக்கும் பெண்கள் ஏன் கீழ்ப்படியில் நிற்க வேண்டும் என்றார். நல்ல கேள்விதான். ஆனால் அவருடைய 'அக்கறையின் குரல்' என்ற சொல்லிலும் எனக்கு ஒரு நெருடல் உண்டு. பத்து வயதில் சுமத்தப்பட்ட சமையலுக்கு அக்கறை என்று பெயர் வைத்தால், கூலியில்லா உழைப்பு கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

எரிக்சனின் கோட்பாட்டில் அவர் மனைவி ஜோன் எரிக்சனுக்கும் பங்குண்டு. பாடநூல் அவர் பெயரைச் சொல்வதில்லை. கணவர் 1994இல் இறந்த பிறகு, 1997இல் ஜோன் ஒன்பதாம் பருவத்தை எழுதிச் சேர்த்தார். எண்பது, தொண்ணூறு வயதில் பழைய நெருக்கடிகள் எல்லாம் திரும்பி வரும், அவநம்பிக்கை முன்னால் நிற்கும் என்றார். எனக்கு மிகவும் பயன்பட்டது இந்தப் பகுதி.

எண்ணூரில் அதற்கு எண்பது வயதுவரை காத்திருக்கத் தேவையில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்தது. படகிலும் வலையிலும் கறுப்பாய் ஒட்டியது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பம் அருகே அமோனியா குழாய் கசிந்து, மக்கள் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடினார்கள். அனல்மின் நிலையச் சாம்பல் அதற்கு முன்பே ஆற்றில் படிந்திருந்தது. கைக்குழந்தைக்கு உரியதாக எரிக்சன் வைத்த முதல் கேள்வி, இந்த உலகத்தை நம்பலாமா என்பது. அதையே அந்த அம்மா தண்ணீரைக் காட்டிக் கேட்டார்: "கால வெக்கலாமா, வேணாமா, நீயே சொல்லு."

இறால் வாங்க வருகிறவர்கள் இப்போது விலைக்கு முன்னால், எங்கே பிடித்தது என்று கேட்கிறார்களாம்.