பாயிரம் இல்லாத பாடம்

நூலின் நுதலிய பொருள் யாது, கேட்போர் யாவர், பயன் யாது என்பவற்றைப் பாயிரம் முன்னரே உணர்த்துதல் வேண்டும் என 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் விதித்தது. கற்பிப்போன் கற்போனுக்குச் செலுத்த வேண்டிய முதற் கடன் அது.

இன்று அக்கடன் எவ்வாறு தீர்க்கப்படுகின்றது? 2012இல் உருவான இலங்கைத் தகைமைச் சட்டகம், பட்டதாரி எதைச் செய்ய வல்லவராதல் வேண்டும் என்பதைக் கற்றற் பேறுகளாக வகுத்துள்ளது. ஆகவே ஏட்டளவில் நம் பல்கலைக்கழகங்களிலும் பாயிரம் உண்டு. ஆயின், தரம் பார்க்க வருவோருக்கென ஆங்கிலத்தில் எழுதிக் கோவையில் கட்டி வைத்த பாயிரம் மாணாக்கனுக்கு உரியதாகுமா?

ஓர் ஒப்படையைக் கற்பனை செய்வோம்: ‘திருகோணமலைத் துறைமுகத்தின் முக்கியத்துவத்தை விமர்சன நோக்கில் ஆராய்க.’ எவருக்கு முக்கியம்? எக்காலத்தில்? விமர்சனம் என்பது குறை காண்பதா, சான்றுகளை நிறுத்துப் பார்ப்பதா? மாணாக்கன் இருளிலே துழாவுகின்றான். இதனையே, ‘1957இல் பிரித்தானியக் கடற்படைத்தளம் இலங்கையின் கைக்கு வந்தமை துறைமுகத் தொழிலாளர் வாழ்வை எவ்வாறு மாற்றியது? முரண்படும் இரு சான்றுகளை ஒப்பிட்டு உம் முடிவை நிறுவுக. புள்ளிகளிற் பாதி சான்றை மதிப்பிடும் திறனுக்கு உரியது’ என்று கேட்டால் வழி புலனாகும். வினா எளிதாகிவிடவில்லை, உண்மையில் கடினமாகியுள்ளது. நேர்மையும் பெற்றுள்ளது.

நேர்மை என்னும் சொல்லை எண்ணியே இட்டேன். பட்டதாரிகள் வாழும் வீட்டுப் பிள்ளைக்கு, சொல்லாமல் விட்டதை அண்ணனோ மாமனோ சொல்லிக் கொடுப்பர். மூதூர்க் கடற்றொழிலாளியின் மகளுக்கு யார் சொல்வர்? வீட்டிற் பெற்ற பண்பாட்டு முதுசொம்மையே கல்விக்கூடம் இயற்கைத் திறமையெனக் கொண்டாடுகின்றது என்பதைப் பிரான்சிய சமூகவியலாளர் பூர்தியூவும் பசெரோனும் 1964இல் எடுத்துக்காட்டினர். மௌனமான விதிகள் எப்போதும் உள்ளவர் பக்கமே நிற்கும்.

‘பல்கலைக்கழகத்திலும் ஊட்டிவிடுவதா?’ என்று வினவுவோர் உளர். வெளிச்சவீடு துறைமுக வாயிலைக் காட்டுகின்றது. கப்பலை அது செலுத்துவதில்லை. நோக்கத்தை அறிவிப்பது விடையை அறிவிப்பதாகாது.

திருகோணமலையிலே, கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகம் அமைந்திருக்கின்றது. கரையோரக் குடிசைகளிலிருந்தும் வயற்புறங்களிலிருந்தும் குடும்பத்தின் முதற் பட்டதாரியாகும் கனவோடு பிள்ளைகள் இத்தகைய வாயில்களுக்கு வருகின்றனர். முதல் விரிவுரையிலேயே, அவர்களுக்கு விளங்கும் மொழியில், எதைக் கற்கப் போகின்றோம், ஏன் கற்கின்றோம், எவ்வாறு மதிப்பிடப்படுவோம் என்று கூறுதல் சலுகையன்று. அது அவர்களுடைய உரிமை.