யது செய்த குற்றம் என்ன?

தந்தை கேட்டான், தனயன் கொடுத்தான், தரணி புகழ்ந்தது! யயாதியின் கதையை இப்படித்தான் நமக்குச் சொல்லிவைத்தனர். கேட்டது காணி நிலமன்று, கழுத்து மாலையன்று, இளமை! கொடுத்தது ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ அன்று, ஆயிரம் ஆண்டுகளுக்கு! கொடுத்தவன் பெயர் பூரு. பாரதம் படிப்போர் அவனைப் போற்றுவர். ஆனால் அவனுக்கு முன்னே அதே கேள்வி வேறு நான்கு மைந்தரிடம் கேட்கப்பட்டது. நால்வரும் மறுத்தனர், நால்வரும் சாபம் பெற்றனர். அவர்களுள் மூத்தவன் யது.

அவன் செய்த குற்றம் என்ன?

இந்தக் கேள்வி என் மூளையில் முளைத்ததன்று. பெருங்குடியில் ஓர் அடுக்குவீட்டின் மொட்டைமாடியிலே, ஞாயிறு மாலையொன்றில், இளைஞர் பத்துப் பன்னிருவர் கூடிக் கிரீஷ் கர்னாடின் 'யயாதி' நாடகத்தைப் படித்தனர். என்னையும் அழைத்திருந்தனர். கீழே பழைய மகாபலிபுரம் சாலை ஓயாது இரைந்துகொண்டிருந்தது. 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்படும்வரை தனி ஊராக நின்ற இடம் பெருங்குடி. இன்று ஒருபுறம் கண்ணாடி மாளிகைகள், மறுபுறம் அம்மாளிகைகளில் உழைப்போர் தவணை கட்டும் அடுக்குவீடுகள், அப்பால் சுருங்கிச் சுருங்கி எஞ்சி நிற்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். கூடியிருந்தோரில் பெரும்பாலோர் கணினி நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள். படிப்பு முடிந்ததும் அவர்களில் ஒருவர் கேட்டார்: "ஐயா, மறுத்த பிள்ளைகளைப் பற்றி ஒருவருமே பேசுவதில்லையே, ஏன்?"

கர்னாடைப் பற்றிப் பேசவே நான் ஆயத்தமாகச் சென்றிருந்தேன். யதுவைப் பற்றிப் பேசுவதற்கன்று. அன்று என்னால் செம்மையாக விடை கூற இயலவில்லை. இப்போது முயல்கிறேன்.

கதையைச் சற்றுக் கிளறிப் பாருங்கள், தோழர்களே! யயாதிக்கு முதுமை வந்தது காலத்தால் அன்று, சாபத்தால். மனைவி தேவயானி இருக்க, அவளுக்குப் பணிப்பெண்ணாக வந்த சர்மிஷ்டையோடு மறைவில் வாழ்ந்து மக்களையும் பெற்றான். உண்மை அறிந்த தேவயானி தன் தந்தை சுக்கிராச்சாரியாரிடம் முறையிட்டாள், சுக்கிரர் சபித்தார், மன்னன் கிழவனானான். மன்றாடியபோது, எவரேனும் இசைந்தால் முதுமையை அவரிடம் கொடுத்து இளமையைப் பெறலாம் என்று வழியும் காட்டினார். உடனே யாரிடம் சென்றான் மன்னன்? தேவயானி பெற்ற பிள்ளையிடம்! யாரை வஞ்சித்தானோ அவள் வயிற்றில் பிறந்தவனிடம், அந்த வஞ்சனைக்குக் கிடைத்த தண்டனையை நீ சுமந்துகொள் என்கிறான்! தவறு இழைத்தவன் தந்தை, தண்டிக்கப்பட்டவன் தந்தை, சுமக்க மட்டும் மகன்!

யது வீராவேசம் பேசவில்லை. முதுமையில் உணவும் நீரும்கூடத் தொல்லையாகும், நரையும் திரையும் தளர்ச்சியும் எனக்கு வேண்டாம், என்னினும் உமக்கு இனிய மைந்தர் உளர், அவர்களைக் கேளும் என்கிறான். எளிய சொற்கள். இருபது வயதுப் பிள்ளை எவனும் சொல்லக்கூடியவை. அதற்குப் பரிசு, உன் வழித்தோன்றல்களுக்கு அரசுரிமை இல்லை என்ற சாபம்! பிறகு பூரு இசைகிறான். ஆயிரம் ஆண்டு ஆடித் தீர்த்தபின், ஆசை அனுபவத்தால் அடங்காது என்ற ஞானம் தந்தைக்கு உதிக்கிறதாம். மகனுடைய இளமையைச் செலவிட்டு வாங்கிய ஞானம்!

வேடிக்கை ஒன்று கேளுங்கள். கீழ்ப்படிந்த பூருவின் வழியில் வந்தவர்கள்தாம் கௌரவரும் பாண்டவரும். குருட்சேத்திரத்தில் ஒருவரையொருவர் வெட்டி மாய்ந்தனர். கீழ்ப்படிய மறுத்த யதுவின் குலத்தில்தான், கடவுள் என்று கைகூப்பப்படும் கண்ணன் பிறந்தானாம். யாதவரும் பின்னர் தம்முள் அடித்துக்கொண்டு அழிந்தனர் என்பது வேறு கதை. நான் சொல்ல வந்தது, சாபமிட்டவர்களின் கணக்கு அவர்களுடைய ஏட்டிலேயே தவறிப்போனது என்பதைத்தான்.

இக்காலத்தில் இக்கதையை இருவர் எடுத்தாண்டனர். 1959-இல் மராத்தியில் நாவலாக எழுதினார் காண்டேகர். கா.ஸ்ரீ.ஸ்ரீ.யின் மொழிபெயர்ப்புகளால் ஒரு காலத்தில் தமிழ் வீடுகளில் சொந்த எழுத்தாளர்போல் உலவியவர் அவர். அவர் கண்டது தந்தையின் தணியாத வேட்கையை. மகன் அவர் கண்ணுக்கு இரண்டாமவனே. அடுத்தவர் கர்னாட். அவருடைய நாடகம் 1961-இல் வெளிவந்தது. எழுதியபோது வயது இருபத்திரண்டு அளவில். ஆக்ஸ்போர்டில் படிக்க உதவித்தொகை கிடைத்துத் தார்வாட்டிலிருந்து புறப்படும் வேளை. பையன் திரும்பி வருவானா, குடும்பத்துக்கு ஆவானா, அயல்நாட்டிலேயே தங்கிவிடுவானா என்ற கவலை வீட்டிலே. ஆங்கிலக் கவிஞனாக வேண்டும் என்று கனவு கண்டவர், தாமே எதிர்பாராமல், கன்னடத்தில், தந்தைக்கு மகன் இளமையைக் கொடுக்கும் கதையை எழுதிக்கொண்டிருப்பதைக் கண்டு வியந்ததாகப் பின்னாளில் கூறினார். வீட்டிலே வாய்விட்டுச் சொல்ல முடியாததை மேடையிலே சொன்ன மகன் அவர்.

நாடகத்தின் உயிர் பூருவிடம் இல்லை, சித்ரலேகாவிடம் இருக்கிறது. பூருவின் இளமனைவி, பழைய கதை கவலைப்படாத பெண். தன்னைக் கேளாமல் தன் கணவன் கிழவனாகிவிட்டதைக் காண்கிறாள். மாமன் அவளுக்குக் கடமையை உபதேசிக்கிறான். அவள் திருப்பிக் கேட்கிறாள்: என் கணவனின் இளமை இப்போது உம்மிடம் இருக்கிறதே, அப்படியானால் நான் யாருக்கு மனைவி? தருமம் பேசிய வாய் அடைத்துப் போகிறது. அவள் நஞ்சுண்டு மாள்கிறாள். அதன்பின்பே யயாதி தன் முதுமையைத் திரும்பப் பெறுகிறான். பிள்ளையின் தியாகம் பிள்ளையோடு நின்றுவிடுவதில்லை, அவனை நம்பி வந்தவளையும் சேர்த்தே எரிக்கிறது என்று காட்டினாரே, அதற்காகவே கர்னாடைப் பாராட்டுவேன். ஆனால் ஒரு குறை. கேள்வி கேட்டவளைச் சாகவைத்துத்தான் தந்தையைத் திருத்த வேண்டுமா? செத்தால்தான் செவி சாய்ப்பார்கள் என்ற பாடத்தை இளைஞர் கற்றுக்கொள்வது நல்லதன்று.

தமிழ்த் திரைக்கு வருவோம். 'டான்' (2022) படத்தில் மகன் தந்தையை வெறுக்கிறான். அடக்கி வைத்ததெல்லாம் அன்பால்தான் என்பது பிந்தித் தெரிகிறது. அதற்குள் தந்தை மறைந்துவிடுகிறார். அரங்கம் அழுகிறது. இறந்த தந்தையோடு வாதாட முடியுமா? வழக்கை நடத்தாமலே தீர்ப்பு எழுதும் தந்திரம் இது.

ஸ்ரீ கணேஷ் இயக்கி 2025-இல் வெளிவந்த '3 பிஎச்கே' அப்படிப்பட்டதன்று, மதிக்கத்தக்க படம். அரவிந்த் சச்சிதானந்தத்தின் சிறுகதையை அடியொற்றியது. வாசுதேவன் (சரத்குமார்) சென்னையில் சொந்த வீடு வாங்க ஆசைப்படும் ஒரு சாதாரண ஊழியர். கொடியவரல்லர், குரலை உயர்த்துபவரும் அல்லர். மகன் பிரபு (சித்தார்த்) விரும்புவது இயந்திரப் பொறியியல். சேர்வதோ தந்தை சொற்படி கணினிப் பக்கம். சேமித்ததைக் கல்லூரிக் கட்டணம் விழுங்குகிறது, மருத்துவம் விழுங்குகிறது, திருமணம் விழுங்குகிறது. வாடகை வீடு மாற்றி வாடகை வீடு, ஆண்டுகள் ஓடுகின்றன. நடுத்தரக் குடும்பத்தின் கணக்கு நோட்டை இத்தனை நேர்மையாகப் பிரித்துக் காட்டிய படம் அண்மையில் குறைவு.

தயங்கித் தயங்கி, முப்பது வயதைக் கடந்தபின், பிரபு தன் விருப்பப் படிப்புக்குத் திரும்புகிறான். இங்கே படம் யதுவின் வாசலுக்கு வந்துவிட்டது. உள்ளே நுழைந்ததா? இல்லை! இறுதியில் வீடு வாங்கப்படுகிறது. வாங்கியதும் நமக்குக் கண்ணீர் பெருகுகிறது. அக்கண்ணீரில் மகன் இழந்த பதினைந்து ஆண்டுகளும் கரைந்து, அவை வீட்டின் விலையில் ஒரு பகுதிபோல ஆகிவிடுகின்றன. வீடு கிடைக்காமலே போயிருந்தால் அந்த ஆண்டுகளை எந்தக் கணக்கில் எழுதுவது? படம் அதை எண்ணிப் பார்க்க அஞ்சுகிறது. மகள் ஆர்த்தி இழந்தவற்றுக்கு அந்த அளவு நேரமும் ஒதுக்கப்படவில்லை. சித்ரலேகாக்களின் நிலை இன்னும் அதுதான்.

"யயாதி அரசன், காமுகன். எங்கள் அப்பா அப்படியா? தம் இளமையை எரித்தல்லவா எங்களைப் படிக்க வைத்தார்!" என்று மாடியிலேயே ஒரு பெண் குறுக்கிட்டார். நியாயமான குறுக்கீடு. தலைமுறை தலைமுறையாகப் பள்ளி வாசல் மறுக்கப்பட்ட குடும்பங்கள் நம்முடையவை. முதல் பட்டதாரி என்ற சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு கல்லூரிக்குள் நுழைந்த பிள்ளையிடம், நீ படித்தே தீரவேண்டும் என்று தந்தை சொன்னால், அதை யயாதியின் பேராசையோடு சேர்த்து எண்ணுவது அநீதி. அந்த வற்புறுத்தல் இல்லையேல் நம்மில் பலர் இந்தக் கட்டுரையைப் படிக்கும் நிலையிலேயே இருக்கமாட்டோம்.

ஆனால் இன்னொன்றையும் நினைவுகூர வேண்டும். 1953-இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்றல் என்றொரு திட்டம் வந்தது. குலக்கல்வித் திட்டம் என்று அதைச் சாடி, நாடெங்கும் கிளர்ச்சி எழுந்தது. 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. அன்று எதற்காகப் போராடினர்? குயவன் மகன் குயவன், வண்ணான் மகன் வண்ணான் என்று பிறக்குமுன்பே தொழிலை எழுதிவைக்காதே என்பதற்காக! அப்பன் செய்த தொழிலைப் பிள்ளை செய்தாக வேண்டியதில்லை என்று வென்றவர்களின் பேரப்பிள்ளைகளிடம், அப்பன் செய்ய முடியாமற்போன தொழிலைப் பிள்ளை செய்தாக வேண்டும் என்கிறோமே, இது எந்தக் கல்வி? கற்க வை, அது தந்தையின் உரிமை, கடமையும் கூட. எதைக் கற்பது என்பதையும், யாரை மணப்பது என்பதையும் பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கும்போதுதான் சுக்கிரர் காட்டிய வழியில் கால் வைக்கிறோம்.

நம் பழைய நூல்களில் இதற்கு மருந்து உண்டோ என்று தேடினேன். பாதி உண்டு. மக்கட்பேறு அதிகாரத்தில் வள்ளுவர், தந்தை மகனுக்குச் செய்ய வேண்டியதை 67-ஆம் குறளில் கூறிவிட்டு, மகன் தந்தைக்குச் செய்ய வேண்டியதை 70-ஆம் குறளில்தான் கூறுகிறார். கடன் முதலில் தந்தையினுடையது! ஆயினும் இரண்டையும் வகுத்தவர் பெரியவர்தாம். புறநானூற்றின் 312-ஆம் பாட்டில் பொன்முடியார் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் கடமை வகுத்து, கடைசியில் களிறு எறிந்து மீளும் கடமையைக் காளைக்கு வைக்கிறார். காளையின் விருப்பம் என்ன என்று அங்கும் கேட்பாரில்லை. நம்முடையது என்பதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை.

மாடியில் அன்று கேள்வி கேட்ட இளைஞரிடம், "தம்பி, யதுவும் யயாதியும் பேசும் காட்சியை நீரே எழுதிப் பாரும்" என்று கூறிவிட்டு வந்தேன். வீட்டுக் கடன் அவர் பெயரில், வீட்டுக்குப் பெயர் வைத்தது அவர் தந்தை என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். இரண்டு வாரம் கழித்துத் தாள்களை நீட்டினார். நான்கு பக்கம். நன்றாகவே எழுதியிருந்தார். நான்கு பக்கத்திலும் யயாதி பேசிக்கொண்டே இருந்தான். யது எதிரே நின்றுகொண்டிருந்தான்.

"அவன் பேச வேண்டியது?" என்றேன்.

"எழுதணும் ஐயா" என்றார். தாள்களை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.