மூதின் மகளிரும் இடைப்பட்ட ஆண்டுகளும்

பண்டைத் தமிழரின் மறப்பண்பை எடுத்துரைக்கப் புகுவோர் புறநானூற்றின் 279ஆம் பாட்டைக் குறிப்பிடாது விடுவதில்லை. ஒக்கூர் மாசாத்தியார் பாடிய அப்பாட்டு மாணவர்க்கும் நன்கு பழக்கமானது. முன்னைப் போரில் தமையனை இழந்தாள் ஒருத்தி. தந்தையை இழந்தாள் என்று பொருள் கொள்வாரும் உளர். அடுத்த போரிற் கணவனை இழந்தாள். மீண்டும் போர்ப்பறை ஒலித்தபொழுது, தன் ஒரே மகனுக்கு வெள்ளாடை உடுத்தி, பரட்டைத் தலைக்கு எண்ணெய் நீவி, வேலைக் கையிற் கொடுத்துக் களம் நோக்கிச் செல்லென விடுத்தாள். போரிற் கணவனை இழந்து, தனித்திருந்து மகவை வளர்த்து, வளர்த்த மகவையும் நாட்டுக்கு ஈந்த வீரத்தாய் என அவளை மேடைதோறும் போற்றுதல் மரபாகிவிட்டது. அப்போற்றுரை பாட்டின் சொற்களோடு எத்துணைப் பொருந்தும் என்பது ஆராயத்தக்கது.

பாட்டிற் காலம் மூன்று கூறாக நிற்கின்றது: முன்னொரு நாள், நேற்று, இன்று. தமையன் வீழ்ந்தது முன்னொரு நாள். கணவன் வீழ்ந்தது நேற்று. மகன் செல்வது இன்று. சொற்களை உள்ளவாறே கொண்டால், அவளது கைம்மை ஓர் இரவுக் கைம்மையே. மகன் தந்தையின் நிழலில் வளர்ந்தவனே ஆவான். 'நேற்று' என்பதை அண்மைக் காலம் எனத் தளர்த்திப் பொருள் கொண்டாலும், அவள் தனியே மகவை வளர்த்த ஆண்டுகள் பாட்டில் இடம்பெறவில்லை. ஆகவே, 'தனித்திருந்து வளர்த்தாள்' என்பது பாட்டில் உள்ளதன்று. படிப்போர் தாமே சேர்த்துக்கொண்டது. மேலும், புலவர் பாட்டைத் தொடங்கும்போதே அவள் சிந்தையைக் கடிந்து, அவள் துணிவின் கடுமையைக் கண்டு நடுங்குகின்றார். அந்நடுக்கத்தை நீக்கிவிட்டுப் புகழை மட்டும் எடுத்துக்கொள்வது பாட்டின் பாதியைப் படிப்பதேயாகும்.

படிப்போர் ஏன் இவ்வாறு சேர்த்துக்கொள்கின்றனர்? அவ்வாண்டுகள் இல்லையேல் அவள் ஈந்ததன் பெறுமதி விளங்காது என்பதை அவர்தம் உள்ளம் அறிந்திருக்கின்றது. ஆயினும், அவ்வாண்டுகளைப் பாடுதற்கு நம் பழைய இலக்கணம் இடம் வகுக்கவில்லை. தொல்காப்பியம் புறத்திணையியலிற் காஞ்சித் திணையின் துறைகளைக் கூறுமிடத்து, கணவனோடு எரிபுகும் மனைவிக்குப் பாலைநிலை என ஒன்றும், கணவனை இழந்து நோற்பவளுக்குத் தாபதநிலை என ஒன்றும், மகன் மாய்ந்தவழித் தாயும் மாயும் தலைப்பெயல்நிலை என ஒன்றும் வைத்தது. பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலை வாகையில் மூதின்முல்லையை வைத்தது. கணவன் இறந்த நாளுக்குத் துறை உண்டு. மகன் இறந்த நாளுக்கும் துறை உண்டு. மகன் புறப்படும் நாளுக்கும் உண்டு. இவற்றிற்கு இடைப்பட்ட பதினைந்து, இருபது ஆண்டுகளுக்குத் துறை இல்லை.

கைம்மை குறித்த பாட்டுகளை நோக்கின் இது தெளிவாகும். இவற்றில் மறைந்த கணவர் யாவரும் களத்தில் வீழ்ந்தோர் என்று பாட்டுகள் கூறவில்லை. ஆயினும் கைம்மையின் கொடுமை ஒன்றே. 248ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தனார் காட்டும் பெண், இளமையில் தழையாக உடுத்த அல்லியின் வித்தையே இப்போது பொழுது தவறிய உணவாகக் கொள்கின்றாள். 249ஆம் பாட்டில் தும்பி சேர் கீரனார் காட்டும் பெண், கணவனுக்குப் பலியுணவு படைக்கச் சுளகளவேயான சிறிய இடத்தைத் தன் கண்ணீரால் மெழுகுகின்றாள். 246ஆம் பாட்டிற் பூதபாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு, நெய்யற்ற வேளைக்கீரையும் பாயற்ற பருக்கைப் படுக்கையும் தனக்கு வேண்டாவெனச் சான்றோரிடம் கூறி ஈமத்தீயை விரும்புகின்றாள். மூன்றும் ஆழ்ந்த பாட்டுகள். மூன்றிலும் பெண் தனியள். அவள் மடியில் மகவு இல்லை. அவள் எழுந்து செய்யவேண்டிய நாளைய வேலை இல்லை. துயரம் நிலைத்து நிற்கின்றது; காலம் நகரவில்லை.

இவற்றுள் வேறுபட்டு நிற்பது தாயங்கண்ணியார் பாடிய 250ஆம் பாட்டு. தாளிப்பின் ஓசையும் இரவலரின் வரவுமாகப் பொலிந்த வீடு இன்று பொலிவிழந்து கிடக்கின்றது. மனைவி கூந்தல் கொய்து, வளை களைந்து, அல்லி உண்கின்றாள். அதே வீட்டிற் குடுமித் தலைச் சிறுவர், கையிற் சோற்றைப் பெற்றுக்கொண்டு இனிய பாலையும் வேண்டுகின்றனர். அவர்தம் தந்தையோ தனியே சுடுகாடு சென்றுவிட்டான். ஒரே வீட்டில் இரண்டு உணவுகள்: தாய்க்கு நோன்பின் அல்லி, மக்களுக்குச் சோறும் பாலும். நோன்பை நோற்கும் கையே பாலையும் தேடியாகவேண்டும். தாபதநிலை என்னும் துறைப்பெயர் முதற்செயலை மட்டுமே குறிக்கும். இரண்டாவதற்கு அங்கு பெயரில்லை. எனினும், போற்றுரையாளர் தேடும் தாய் 279ஆம் பாட்டில் இல்லை, இப்பாட்டிலேதான் இருக்கின்றாள். சிறுவர் பால் கேட்ட அந்த மாலைப்பொழுதிலேயே அவளது நெடுவாழ்வு தொடங்குகின்றது. பாட்டு அங்கேயே முடிந்துவிடுகின்றது.

பொன்முடியார் பாடிய 312ஆம் பாட்டை இதனோடு ஒப்பிடுதல் பயன் தரும். மகனை ஆக்கும் பணியை அப்பாட்டு பலர்க்குப் பகிர்ந்தளிக்கின்றது. ஈன்று புறந்தருதல் தாயின் கடன். சான்றோனாக்குதல் தந்தையின் கடன். வேல் வடித்தல் கொல்லனின் கடன். நன்னடை நல்குதல் வேந்தனின் கடன். ஒழுங்கான பகிர்வுதான். ஆனால், அத்தந்தை களத்தில் வீழ்ந்தால் அவன் கடனை எவர் ஏற்பர்? பாட்டு இவ்வினாவை எழுப்பவில்லை. விடையை 279ஆம் பாட்டு தன்னை அறியாமலே தருகின்றது. அங்கே உடுத்தி எண்ணெய் நீவுபவளும் தாயே. வேலைக் கையிற் கொடுப்பவளும் தாயே. செல்லென ஆணையிடுபவளும் தாயே. நால்வர் கடனும் ஒருத்தியின் தோளில் ஏறிவிட்டது. அவ்விரு பாட்டுகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போதுதான் மாசாத்தியாரின் நடுக்கத்துக்குக் காரணம் புலனாகின்றது.

வீரநிலைக் காலத்துக் கவிதை கணங்களைப் பாடுவது. ஆண்டுகளைப் பாடுவது அதன் தொழிலன்று என்று கூறலாம். க. கைலாசபதி 1968இல் வெளிவந்த தம் ஆங்கில நூலிற் சங்கப் பாட்டுகளை வாய்மொழி வீரநிலைக் கவிதையாக ஆராய்ந்தவர். பாணரும் புலவரும் புரவலர் முன்னிலையிற் பாடிய சூழலை அந்நூல் நன்கு விளக்கும். அவ்வவையில் ஏற்றம் பெறுவது ஈகையும் இறப்புமே. இது ஏற்கத்தக்க விளக்கமே. எனினும், காரணம் கூறுதல் வேறு. இன்மையை இன்மையென அறிதல் வேறு. அவையிற் பாடப்பெறாதது வீட்டிற் பாடப்பட்டது. தாலாட்டிலும் ஒப்பாரியிலும் தமிழ்ப் பெண்கள், சிறு மகவை இனி எவர் காப்பார், எவர் கற்பிப்பார் என்று கேட்டே பாடிவந்தனர். அப்பாட்டுகளுக்குத் துறை வகுத்தாரில்லை. நெடுங்காலம் ஏட்டில் எழுதினாரும் இல்லை.

இஃது ஏட்டுக்குள் அடங்கும் வினாவன்று. 1983 முதல் 2009 வரை இலங்கையில் நிகழ்ந்த போர் அதனை வாசற்படிக்குக் கொண்டுவந்தது. வடக்கிலும் கிழக்கிலும் மட்டும் ஏறத்தாழ 89,000 கைம்பெண்கள் உளர் என 2010இல் பிரதி அமைச்சர் ஒருவர் கூறினார். மறுபுறத்தில், படையிற் சேர்ந்தோரிற் பெரும்பகுதியினர் சிங்கள நாட்டுப்புறத்து எளிய குடிகளிற் பிறந்தவர். மாத்தளை மாவட்டத்தின் கிழக்கில், வஸ்கமுவக் காட்டை அடுத்துள்ள வில்கமுவ அத்தகைய உழவர் நிலம். நெல் விளைந்தால் யானை வரும். இரவு முழுதும் வயலைக் காக்க ஆள் வேண்டும். அத்தகைய ஊரிற் கணவனை இழந்தவள் ஒருத்திக்குக் கைம்மை என்பது நோன்பு அன்று. காவலும் உழவும் கடனும் பிள்ளையின் பள்ளிப் படிப்புமே. முல்லைத்தீவில் மீன் காயவைப்பவளுக்கும் அவளுக்கும் மொழி வேறு. தாயங்கண்ணியார் கண்ட இரண்டு உணவுகளின் கணக்கு ஒன்றே. போரின்பின் ஒரு பக்கத்து வீழ்ந்தோர்க்கு நினைவுத்தூண்கள் எழுந்தன. மறுபக்கத்துத் துயிலுமில்லங்கள் இடிக்கப்பட்டன. எனினும், எந்தப் பக்கத்திலும் பிள்ளையை வளர்த்து முதுமை எய்தியவளுக்குக் கல் நட்டு எவரும் பெயர் பொறித்ததில்லை.

ஈழத்துப் பெண் கவிஞர்கள் பதின்மரின் கவிதைகளைத் தாங்கி 1986இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த தொகுதிக்குச் 'சொல்லாத சேதிகள்' எனப் பெயரிட்டனர். அத்தலைப்பே ஒரு திறனாய்வு. இரண்டாயிரம் ஆண்டு மரபுடைய மொழியிற் சொல்லப்படாது விடப்பட்டவை உள என்பதை அது உணர்த்திற்று. அன்று தொட்டு ஈழத்துக் கவிதை, மூதின்முல்லையின் பெருமிதத்தை ஐயத்தோடு நோக்கக் கற்றுக்கொண்டது. ஆயினும், கைம்பெண்ணைக் கண்ணீரில் நிறுத்திவிடும் பழக்கம் இன்றைய எழுத்திலும் நீங்கவில்லை. இழவு நாளிற் கவிதை வருகின்றது. மறுநாட் காலை அவள் அடுப்பு மூட்டும்போது கவிஞர் போய்விடுகின்றார்.

மாசாத்தியாரைக் குறைகூறுதல் இங்குக் கருத்தன்று. அவர் தம் அவைக்குரியதைப் பாடினார். பாடும்போது நடுங்கவும் செய்தார். குறை, அந்நடுக்கத்தைக் கேளாது புகழை மட்டும் கற்பித்துவரும் பிற்காலத்தாரிடமே உள்ளது. 279ஆம் பாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர், அதே வகுப்பில் 250ஆம் பாட்டையும் கற்பித்தல் வேண்டும். வேல் ஏந்திய மகனுக்கு முன்னே பால் கேட்ட சிறுவன் ஒருவன் இருந்தான் என்பதை மாணவர் அறிவர். அவனுக்கு அந்தப் பால் எங்கிருந்து வந்தது என்று ஒரு மாணவர் கேட்பாராயின், இலக்கணம் வகுக்காது விட்ட துறை அவ்வினாவிலிருந்தே தொடங்கும்.