வடிவேல் பாலாஜி: இரவற் பெயரில் வாழ்ந்த நகை

ஷேக்ஸ்பியர் மகாகவியின் ‘லியர் அரசன்’ நாடகத்திலே ஒரு விதூஷகன் வருகின்றான். அரசனுடைய மடமையை அரசனுக்கே எடுத்துரைக்கின்றான். இடியிலும் மழையிலும் அவனைப் பின்தொடர்கின்றான். மூன்றாம் அங்கத்தோடு மறைந்து விடுகின்றான். அவன் கதி என்னவாயிற்று என்பதைக் கவி நமக்குத் தெளிவாகக் கூறவில்லை. தொலைக்காட்சித் துணை நடிகர் பலருக்கும் இக்கதியே நேர்கின்றது. ஆனால் 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் சென்னையில் தமது 45-ஆம் வயதில் வடிவேல் பாலாஜி மறைந்தபொழுது, ஆஸ்ட்ரோ வழியாக விஜய் தொலைக்காட்சியைக் காணும் ஜொகூர்த் தமிழர் இல்லங்களிலும் துக்கம் நிலவிற்று. அத்துக்கம் மெய்யானதே. ஆயினும் அவரது கலை எத்தகையது என்று எடையிட்டுப் பார்த்தவர் மிகச் சிலர்.

‘கலக்கப் போவது யாரு’ நிகழ்ச்சியால் அறிமுகமான அவர், புகழடைந்தது ‘அது இது எது’ நிகழ்ச்சியில் ‘சிரிச்சா போச்சு’ என்னும் சுற்றிலேயாம். முதலில் சிவகார்த்திகேயனும் பின்னர் மா.கா.பா. ஆனந்தும் அந்நிகழ்ச்சியை நடத்தினர். விருந்தினராய் அமர்ந்திருப்போர் சிரித்தல் கூடாது; சிரித்தால் தோல்வி. இவ்விதி சிறிதாகத் தோன்றும். எண்ணிப் பாருங்கள்: உலகத்துக் கோமாளிகளெல்லாம் சிரிப்பதற்கென்றே வந்தவர் முன்னிலையில் ஆடுகின்றனர், இவரோ சிரிப்பதில்லை என்று பந்தயங்கட்டி உட்கார்ந்தவர் முன்னிலையில் ஆடினார். கல்லில் நார் உரிக்கும் வேலை அது. பல்லைக் கடித்து, தலையைக் குனிந்து, அவர்கள் தோற்கும் அந்தக் கணமே அவர் பெற்ற பரிசு.

‘அவர் செய்தது வெறும் போலிதானே? வடிவேலுவின் நடையையும் குரலையும் திரும்பச் செய்தவர்தாமே?’ என்று கேட்போருமுளர். அவர் பெயரிலேயே மற்றொருவர் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது உண்மை. இருவர்க்கும் ஊர் மதுரை. ஆயின் 2011-ஆம் ஆண்டிற்குப் பின் மூலவராகிய வடிவேலு பல்லாண்டுகள் திரையில் அருகியே தோன்றினார். அக்காலத்தில் அம்முகபாவங்களைப் புதிய சந்தர்ப்பங்களில் வைத்து, வாரந்தோறும் உயிரோடு காத்தவர் இந்தப் போலியே. மூலவர் வெளிவாரா நாளில் உற்சவரே வீதியுலா வருகிறார் என்பர் ஆத்திகர். அவ்வுவமையை, நம்பிக்கையின்றியே, கடன் வாங்கிக் கொள்கிறேன்.

மேலும், மதுரை ஸ்பெஷல் நாடகத்தின் தலைநகரம். வெவ்வேறிடத்து நடிகர்கள் தனித்தனியே அமர்த்தப்பட்டு, ஒத்திகையின்றி, ஓரிரவு கூடி ஆடுவது அது. அங்கே இரவு முதலில் மேடையேறித் தனியே சபையைத் தன்வசப்படுத்துபவன் பபூன். முன்னேற்பாடு குறைவு; எதிரில் இருப்பவர் முகமே அவனுக்கு ஏடு. பாலாஜியைக் காணுந்தொறும் எனக்கு அந்தப் பபூனே நினைவுக்கு வருவான். மேடை மின்சாரப் பெட்டிக்குள் புகுந்தது, ஆட்டம் மாறவில்லை.

இனி, குறையையும் கூறவேண்டும். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதலில் வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என அது தோன்றும் நிலைக்களன் நான்கு என்றார். இன்றைய தொலைக்காட்சி மேடை இந்நான்கில் எள்ளல் ஒன்றையே பெருமுதலாக வைத்து வாணிபம் நடத்துகின்றது. கறுத்த நிறத்தை எள்ளுதல், பருத்த உடலை எள்ளுதல், வழுக்கையை எள்ளுதல். பிறர் எள்ளுமுன் தன்னைத் தானே எள்ளிக்கொள்வது துணைக்கோமாளியின் தொழில்தர்மம் போலாகிவிட்டது. நம் தோட்டத்துப் பள்ளிகளிலே பிள்ளைகளை நிறங்கூறி அழைக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. வரவேற்பறையில் குடும்பமாக அமர்ந்து இதற்குச் சிரித்துவிட்டு, பிறகு பிள்ளையை எவ்வாறு கடிவது? பாலாஜியும் அந்த மேடையின் ஆளே. ஆனால் அவருடைய சிறந்த கட்டங்கள் எள்ளலிலிருந்து பிறந்தவையல்ல. பெரிய வீரன்போல் நுழைந்து, ஓர் அதட்டலில் உடம்பெல்லாம் குறுகி, குறுகியதை மறைக்க மீண்டும் நெஞ்சு நிமிர்த்தும் அந்தப் பேதைமையிலே பிறந்தவை. அதில் புண்படுவார் எவருமிலர். தண்டல்காரர் முன் நாம் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் அப்படி நின்றவர்கள்தாம்.

அவர் புடவை கட்டி வந்த வேடங்கள் மிகுபுகழ் பெற்றன. அவற்றில் எனக்கு முழு உடன்பாடில்லை. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் தமது நகைச்சுவைப் பகுதிகளைத் தனியே அமைத்தபோது, டி.ஏ. மதுரத்தைச் சரிநிகராக நிறுத்தி வாதாட விட்டார். பல இடங்களில் அம்மையார் சொல்லே வென்றது. கலைவாணர் மறைந்தது 1957-இல். அதன் பின் இத்தனை ஆண்டுகள் கழித்தும் பெண் நிற்கவேண்டிய இடத்தில் ஆண் புடவையோடு நிற்கின்றான் என்றால், நாம் முன்னோக்கி நடந்தோமா, பின்னோக்கி நடந்தோமா? இக்குற்றம் பாலாஜியினுடையதன்று, நிகழ்ச்சியை அமைத்தோரைச் சார்ந்தது. அவர் அப்புடவைக்குள்ளும் ஒரு கம்பீரத்தைக் கொண்டுவந்தார் என்பதையும் மறுக்கவியலாது.

அவர் மறைந்த ஆண்டு நோய்த்தொற்றின் ஆண்டு. மார்ச்சு மாதம் முதல் மேடைகளும் படப்பிடிப்புகளும் முடங்கிக் கிடந்தன. நடிகர் விஜய் சேதுபதி நேரில் சென்று அஞ்சலி செலுத்தினார். பிள்ளைகளின் கல்விச் செலவைச் சிவகார்த்திகேயன் ஏற்றுக்கொண்டதாகப் பத்திரிகைகள் எழுதின. அந்த நல்லுள்ளத்தைப் போற்றுகிறோம். ஆயினும், மாதந்தோறும் ஊழியர் சேமநிதிக்கும் சொக்சோவுக்கும் கணக்கெழுதும் தோட்டக் கிராணியாகிய எனக்கு ஓர் ஐயம் எழுகின்றது. 1951-இல் தொடங்கிய சேமநிதியால் இந்நாட்டில் பால்மரம் வெட்டியவருக்கும் முதுமைக்கு ஏதோ ஒரு சிறுதொகை உறுதியாயிற்று. கோடிக்கணக்கானோரைச் சிரிக்க வைத்தவரின் குடும்பம் மட்டும் ஒரு நண்பரின் ஈரநெஞ்சை நம்பி ஏன் நிற்கவேண்டும்? விளம்பரத்துக்கு இடம் விற்பவர்கள் இதற்கு விடை கூறட்டும்.

எங்கள் செம்பனைத் தோட்டத்துச் சிறுவர்கள் கைப்பேசியில் அவரது பழைய துண்டுப்படங்களைப் பார்த்து, அந்த நடையைப் பயில்கின்றனர். அது வடிவேலுவின் நடை என்று பெரியவர் திருத்தினால், ‘இல்லை, பாலாஜி அண்ணன் நடை’ என்று சாதிக்கின்றனர்.