வர இயலாதோர் பட்டியல்: தலைவர்களின் சிறைக்கணக்கும் பழைய நாளிதழ்களும்

1

ஓரிக்கையில் தறி போட்ட வீட்டுத் திண்ணைகளில் அரசியல் பேச்சு சூடு பிடித்தால் கடைசியில் இரண்டு வாக்கியங்களில் ஒன்று வந்து நிற்கும். ஒன்று, ‘பேப்பர்லயே வந்துச்சுப்பா.’ மற்றது, ‘அப்படி நடந்திருந்தா பேப்பர்ல வந்திருக்காதா?’ முதலாவதை நிரூபணம் என்றும் இரண்டாவதை மறுப்பு என்றும் எல்லோருமே ஏற்றுக்கொள்கிறோம். திண்ணையில் மட்டுமல்ல, சட்டமன்றத்திலும் தொலைக்காட்சி விவாதத்திலும் ஆய்வேட்டிலும்கூட இதே தர்க்கம்தான். ஒரு தலைவர் தன் கடந்த காலத்தைப் பற்றிச் சொல்லிக்கொள்வதைச் சோதிக்க இந்தத் தர்க்கம் போதுமா என்பதே இங்கே கேள்வி.

அமெரிக்காவில் ஒரு வேட்பாளர் எந்தப் போரில், எந்தப் பிரிவில், எத்தனை நாள் இருந்தார் என்பது வாக்கு கேட்பதற்கான தகுதியாகப் பேசப்படுகிறது. நம்மிடம் அந்த இடத்தைச் சிறை பிடித்துக்கொண்டது. காரணம் எளிது. காலனிய ஆட்சியில் பட்டாளத்துக்குப் போனவன் வெள்ளைக்காரனிடம் சம்பளம் வாங்கியவன். ஜெயிலுக்குப் போனவன் அவனை எதிர்த்தவன். இந்திய தேசிய ராணுவம் ஒன்றுதான் இந்தக் கணக்குக்கு விலக்கு. 1947க்குப் பிறகும் கணக்கு மாறவில்லை. 1938, 1953, 1965, 1976 என்று ஆண்டுகளை அடுக்கினால் அது திராவிட இயக்கத்தின் ராணுவச் சேவைப் பதிவேடு. சுவரொட்டியில் பெயருக்கு முன்னால் ‘மிசா’ என்று போட்டுக்கொள்வது பட்டாளத்தில் பதக்கம் குத்திக்கொள்வது மாதிரிதான். 1976இல் பிறந்த மகளுக்கு லாலு பிரசாத் மிசா என்றே பெயர் வைத்தார்.

2

2019 நவம்பரில் இந்தப் பதிவேட்டின் ஒரு பக்கம் கேள்விக்குள்ளானது. மு.க. ஸ்டாலின் மிசாவில்தான் கைதானாரா என்று அன்றைய அமைச்சர் க. பாண்டியராஜன் ஐயம் எழுப்பினார். ஷா கமிஷன் அறிக்கையில் ஸ்டாலின் பெயர் இல்லையே என்ற வாதம் முன்வைக்கப்பட்டது. தி.மு.க.வினர் தெருவுக்கு வந்தார்கள், கொடும்பாவி எரிந்தது. இரண்டு நாள் சத்தத்தில் கேட்க வேண்டிய கேள்வி காணாமல் போனது: அந்த அறிக்கை எதற்காக எழுதப்பட்டது?

ஷா கமிஷன் 1977 மே மாதம் ஜனதா அரசால் அமைக்கப்பட்டது. 1978இல் மூன்று பாகங்களாக அறிக்கை தந்தது. நெருக்கடி நிலையில் நாடெங்கும் மிசாவில் அடைக்கப்பட்டோர் 34,988 பேர் என்பது அதன் கணக்கு. அதிகாரம் எப்படி முறைகேடாகப் பயன்பட்டது என்று ஆராய்வது அதன் வேலை. 34,988 பெயர்களையும் வரிசையாக அச்சடிப்பது அதன் வேலை அல்ல. ஒரு பெயர் அதில் இருந்தால் அது சான்று. இல்லாவிட்டால்? ரேஷன் கடைப் பட்டியலில் பெயர் இல்லாதவர் உலகத்திலேயே இல்லை என்று முடிவு கட்டுவது போலத்தான்.

அந்த அறிக்கைக்கே ஒரு சிறைக்கதை உண்டு. 1980இல் இந்திரா காந்தி திரும்ப ஆட்சிக்கு வந்த பிறகு அதன் பிரதிகள் கண்ணில் படுவதே அரிதாயிற்று. தன்னிடமிருந்த பிரதியைக் கொண்டு 2010இல் இரா. செழியன் அதை மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். காணாமல்போய்க் கிடைத்த ஒரு பிரதியில் ஒருவர் காணாமல்போனதைக் கண்டுபிடித்தது நம் அரசியலின் விநோதம்.

3

சரி, கமிஷன் வேண்டாம், அன்றைய பேப்பரைப் பார்ப்போம் என்று ஒருவர் கிளம்பலாம். கிளம்பவும் வேண்டும். எழும்பூரில் கன்னிமாரா நூலகமும் ஆவணக் காப்பகமும் இருக்கின்றன, தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. பழுப்பேறி, தொட்டால் ஓரம் உதிரும் தொகுப்புகளில் 1976 பிப்ரவரியைப் புரட்டலாம். ஆனால் புரட்டுவதற்கு முன் அந்த மாதம் எப்படிப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும்.

1975 ஜூன் 26 முதல் நாட்டில் பத்திரிகைத் தணிக்கை. தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி இருந்தவரை அதன் பிடி சற்றுத் தளர்வாக இருந்தது. 1976 ஜனவரி 31 அன்று ஆட்சி கலைக்கப்பட்டது. உடனே கைதுகள். மிசாவில் ஒருவரை ஏன் பிடித்தோம் என்று அவரிடமே சொல்லத் தேவையில்லை என்று 1975இலேயே சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். கைதானவரிடமே சொல்லாத அரசு, பத்திரிகை வாசகனுக்குச் சொல்லிவிடுமா? கைதானோர் பெயர்களை வெளியிடத் தடை. ஆக, அந்த வாரத்து நாளிதழில் ஒரு கைதுச் செய்தி இல்லையென்றால், கைது நடக்கவில்லை என்பதல்ல அதன் பொருள். கைது செய்தவனும் செய்தியை வெட்டியவனும் ஒரே ஆள் என்பதே பொருள். பிரதியின் மௌனத்துக்கு ஒரு ஆசிரியன் உண்டு, அவன் கையில் சிவப்பு மை இருந்தது. இதைச் சொல்ல ஃபூக்கோவை அழைத்துவர வேண்டியதில்லை.

ஆனால் மௌனத்துக்குள்ளும் ஒரு பேச்சு நடந்தது. பிப்ரவரி 3 அண்ணாவின் நினைவு நாள். அன்று ‘முரசொலி’யில் ஒரு பட்டியல் வந்தது. அண்ணா சதுக்கத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் யார் யார் என்று பெயர்கள். ‘கைது’ என்ற சொல் கிடையாது, ‘சிறை’ என்ற சொல் கிடையாது. நினைவு நாளுக்கு வர முடியாதவர்களின் பெயரைப் போடுவதைத் தணிக்கை அதிகாரி எந்த விதியின் கீழ் தடுப்பார்? படித்தவர்களுக்குப் புரிந்தது. காஞ்சிபுரத்தில் பிறந்து, 1942இல் இங்கிருந்தே ‘திராவிட நாடு’ இதழைத் தொடங்கியவரின் நினைவு நாள், அவர் தம்பிகளின் கைதுப் பதிவேடாக மாறியது.

பழைய நாளிதழைத் தேடுகிறவனுக்கு இதைவிடப் பெரிய பாடம் இல்லை. ‘கைது’ என்ற தலைப்பைத் தேடிப் போகிறவன் வெறுங்கையோடு வந்து ‘பேப்பர்ல ஒண்ணும் வரலையே’ என்பான். அஞ்சலிச் செய்தியையும் படிக்கிறவனுக்குத்தான் அது கிடைக்கும். இன்று கணினியில் சொல்லைத் தட்டித் தேடும் வசதி வந்துவிட்டது. தட்டிய சொல்லை மட்டுமே அது காட்டும். தடுக்கப்பட்ட சொல்லை எப்படிக் காட்டும்?

4

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. அடக்கப்பட்ட பேப்பர் மௌனம் சாதிக்கும், சுதந்திரமான பேப்பர் சொன்னதைத் திரும்பச் சொல்லும்.

கம்யூனிஸ்ட் வேட்டைக்குப் பேர்போன அமெரிக்க செனட்டர் ஜோசஃப் மெக்கார்த்தி இரண்டாம் உலகப் போரில் கடற்படைக் காலாட்பிரிவில் உளவுத் தகவல் அதிகாரி. பெரும்பாலும் மேசை வேலை. சில விமானப் பயணங்களில் பார்வையாளராகப் போனார். 1946 தேர்தலில் அவர் வால்பகுதித் துப்பாக்கி வீரர். ஏறக்குறைய பன்னிரண்டு பயணங்கள் பிற்பாடு முப்பத்திரண்டாக வளர்ந்தன, 1952இல் பதக்கமும் வந்தது. கப்பல் நிலநடுக்கோட்டைக் கடக்கும்போது நடந்த கேளிக்கையில் காலில் பட்ட அடி, போர்க்காயமானது. பத்திரிகைகள் இவற்றையெல்லாம் அச்சிட்டன. பிற்காலத்தில் தேடுகிறவனுக்கு அந்த அச்சே ஆதாரமாகத் தோன்றும். உண்மையில் அது மெக்கார்த்தியின் சொந்தக் குரல், பத்திரிகையின் எழுத்துருவில்.

2010இல் கனெக்டிகட் மாநில வழக்கறிஞர் ரிச்சர்ட் புளூமென்தால் செனட் தேர்தலுக்கு நின்றபோது இதன் இன்னொரு வடிவம் வெளிப்பட்டது. வியட்நாம் போர்க்காலத்தில் அவர் ரிசர்வ் படையில் இருந்தார், வியட்நாம் போகவில்லை. சில மேடைகளில் போனவராகவே பேசியிருந்தார். உள்ளூர்ப் பத்திரிகைகளும் பல ஆண்டுகள் அப்படியே எழுதின. பழைய உரைப்பதிவையும் செய்திகளையும் அடுக்கி ‘நியூயார்க் டைம்ஸ்’ வெளியிட்டது. அவர் தவறாகப் பேசிவிட்டதாகச் சொன்னார், தேர்தலில் ஜெயித்தார். இதில் பழைய நாளிதழ்கள் எதை நிரூபித்தன? அவர் போருக்குப் போனதையும் அல்ல, போகாததையும் அல்ல. ஒரு பிழை எப்போது பிறந்தது, யார் அதைத் திருத்தாமல் விட்டார்கள் என்பதைத்தான். போகாததை நிரூபித்தது ராணுவப் பதிவேடு.

நம்மூரில் இந்த வேலையைப் பிறந்தநாள் மலரும் முழுப்பக்க விளம்பரமும் செய்கின்றன. மலரில் வந்தது அடுத்த ஆண்டு கட்டுரையாகும், கட்டுரை வாழ்க்கை வரலாறாகும், வாழ்க்கை வரலாறு பாடப் புத்தகமாகும். எல்லாம் ஒரே வாய், பல காகிதம்.

5

அப்படியானால் எங்கே தேடுவது? காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இது புதுக் கேள்வியே அல்ல. ராணுவப் பெருமையைச் சரிபார்க்கும் வேலை இந்த ஊர்ச் சுவர்களில் வெகுகாலமாக நடக்கிறது.

கைலாசநாதர் கோயிலில் ராஜசிம்மன் தன் விருதுப் பெயர்களை நூற்றுக்கணக்கில் வெட்டி வைத்திருக்கிறான். அவை அவன் சுவரில் அவன் செலவில் எழுதியவை. இன்றைய கட் அவுட்டுக்கும் அதற்கும் தன்மையில் வேறுபாடில்லை. அதே கோயிலில் ஒரு தூணில் கன்னடத்தில் வேறொரு கல்வெட்டு. காஞ்சியைப் பிடித்த சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன் அதை வெட்டினான். இந்தக் கோயிலின் செல்வத்தைத் தான் எடுத்துக்கொள்ளாமல் திருப்பித் தந்ததாகச் சொல்கிறான். அவன் காஞ்சிக்குள் வந்ததற்கு அவன் ஊர்ச் செப்பேட்டைவிட இந்தத் தூண் பெரிய சாட்சி. பகைவன் ஊரில் உளி பிடிக்க முடிந்தால்தானே?

இதைப் போலவே நரசிம்மவர்மன். பக்கத்தில் கூரம் கிராமத்தில் கிடைத்த செப்பேடு, அவன் புலிகேசியைப் புறமுதுகிடச் செய்ததைக் கவிநயத்தோடு புகழ்கிறது. அது பேரன் காலத்துப் புகழ்ச்சி, வம்சத்து மலர். ஆனால் வாதாபியிலேயே பாறையில் நரசிம்மவர்மனின் கல்வெட்டு இருக்கிறது. ‘வாதாபி கொண்டான்’ என்ற பட்டத்தைச் சரிபார்க்க அதுவே இடம். எங்கே எதிராளியின் சுவரில் சாட்சி கிடைக்காதோ, அங்கே கதை தொங்கலில் நிற்கும். மகேந்திரவர்மன் காஞ்சி மதிலுக்குள் பதுங்கினான் என்று ஐஹொளெ கல்வெட்டு சொல்கிறது. புள்ளலூரில் பகைவரை அழித்தான் என்று காசக்குடிச் செப்பேடு சொல்கிறது. இரண்டு வீட்டு மலர்கள்.

முறை இதுதான்: ஒருவர் பெருமையை அவருக்குப் பகையானவர் வைத்திருக்கும் ஆவணத்தில் தேடு. சிறை விஷயத்தில் அந்தச் சுவர், சிறைக்காரனின் பதிவேடு. 1976 பிப்ரவரி 2 இரவு சென்னை மத்தியச் சிறையில் மிசா கைதிகள் அடிக்கப்பட்டார்கள். இதை விசாரிக்க 1977இல் நீதிபதி எம்.எம். இஸ்மாயில் கமிஷன் அமைந்தது. காவலர்களும் அதிகாரிகளும் சாட்சிக் கூண்டில் நின்றார்கள். செங்கல்பட்டு நாடாளுமன்ற உறுப்பினரும் சென்னையின் முன்னாள் மேயருமான சிட்டிபாபு அந்தச் சிறையில் அடிபட்டு, 1977இல் இறந்தார். ஸ்டாலின் மேல் விழ வேண்டிய அடிகளைத் தாங்கியவர் என்று அவர் பெயர் இன்றும் சொல்லப்படுகிறது. 2019இல் தி.மு.க. தரப்பு எடுத்துக்காட்டியது இந்த இஸ்மாயில் அறிக்கையைத்தான். கொடும்பாவியைவிட அதுவே சரியான பதில். ‘ஷாவில் இல்லை’ என்றவர்கள் டெல்லிச் சுவரைப் பார்த்தார்கள். பார்க்க வேண்டியது சென்னைச் சிறையின் சுவர்.

ஒன்றை மறக்கக் கூடாது. விக்கிரமாதித்தன் காஞ்சிக்கு வந்தான் என்பதைத் தூண் நிறுவுகிறது. அவன் பெருந்தன்மையை நிறுவவில்லை. சிறைப் பதிவேடும் ஒருவர் உள்ளே இருந்ததைச் சொல்லும். அதன் பின் அவர் செய்த அரசியலுக்கு அது நற்சான்றிதழ் ஆகாது. நாம் வழக்கமாக முதலாவதைக் காட்டி இரண்டாவதை வாங்கிக்கொள்கிறோம்.

6

ஆதாரம் கேட்கப்படுவது யாரிடம் என்பதிலும் அரசியல் உண்டு. 1972இல் மத்திய அரசு விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியம் கொண்டுவந்தது. பொதுவாக ஆறு மாதச் சிறையாவது இருந்திருக்க வேண்டும், சிறைச் சான்று வேண்டும். பதிவேடு கரையான் அரித்துப் போயிருந்தால் உடன் சிறையிருந்த இருவரின் சான்றிதழ் வேண்டும். சான்று தருபவர் எம்.பி.யோ எம்.எல்.ஏ.வோவாக இருந்தால், அல்லது முன்பு இருந்திருந்தால், ஒன்றே போதும். அதாவது ஒரு அரசியல்வாதியின் ஞாபகம் இரண்டு சாதாரண மனிதர்களின் ஞாபகத்துக்குச் சமம்! கொலை வழக்கில் கேட்பது போல இவர்களிடம் ஐயத்துக்கிடமற்ற நிரூபணம் கேட்கக் கூடாது என்று 2001இல் உச்ச நீதிமன்றம் குர்தியால் சிங் வழக்கில் சொல்ல வேண்டியிருந்தது. தலைவர் மேடையில் சொன்னால் கைதட்டல். தொண்டன் தாலுகா ஆபீஸில் சொன்னால் ‘பேப்பர் எங்கய்யா?’

ஓரிக்கை என்ற பெயருக்கே ஒரு வெளியேற்றக் கதை சொல்வார்கள். அரசனைப் பாட மறுத்த கணிகண்ணனை நாடு கடத்தினார்கள். திருமழிசையாழ்வார் கூடவே கிளம்ப, பெருமாளும் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பி, மூவரும் ஓர் இரவு இங்கே இருந்தார்களாம். ஓரிரவிருக்கை ஓரிக்கை ஆயிற்றாம். நாடு கடத்திய உத்தரவின் ஓலை எங்கும் இல்லை. ஊர்ப்பெயர் அந்தச் சம்பவத்துக்குச் சான்றாகாது. அதிகாரம் ஒருவனைத் துரத்திய கதையைச் சனங்கள் மறக்க விரும்பவில்லை என்பதற்கு மட்டுமே சான்று. அதுவும் ஒரு ஆவணம்தான், ஆனால் வேறு கேள்விக்கான ஆவணம்.

1976 பிப்ரவரித் தொகுப்பை இன்று எடுக்கிறவர்கள் அநேகமாக ஒரே ஒரு பெயரைத் தேடித்தான் எடுக்கிறார்கள். ஆதரவாளர் அது இருக்க வேண்டுமென்று தேடுகிறார், எதிர்ப்பாளர் இல்லாதிருக்க வேண்டுமென்று தேடுகிறார். இருவர் விரலும் மற்றப் பெயர்கள் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. வர இயலாதோர் பட்டியலில் இருந்தவர்களில் முதலமைச்சர் ஆகாதவர்கள், வட்டச் செயலாளராகவே நின்றுபோனவர்கள், வெளியே வந்து பழைய வேலைக்கே திரும்பியவர்கள்தான் அதிகம். அவர்களை ஐயப்பட ஒரு அமைச்சர் வரவில்லை. அவர்களுக்காகக் கொடும்பாவி எரிக்கவும் ஆளில்லை. இஸ்மாயில் அறிக்கையைத் திறக்கிறவர்கள் அந்தப் பெயர்களையும் ஒருமுறை வாசித்துவிட்டு மூட வேண்டும்.