போஸ்ட்மெசேஜ்: செய்தி பெறும் முறை குறித்த திறனாய்வு
ஒரு தளத்தின் பக்கம் மற்றொரு தளத்தின் பக்கத்துக்குள் நுழையாதபடி உலாவிகள் தடுக்கின்றன. இத்தடை 'ஒரே மூலக் கொள்கை' எனப்படும். அதை மீறாமல் இரு சாளரங்கள் செய்தி பரிமாற உதவும் ஜாவாஸ்கிரிப்ட் வசதியே போஸ்ட்மெசேஜ் ஆகும். பெறும் பக்கம் 'மெசேஜ்' என்ற நிகழ்வுக்காகக் காத்திருக்கும்.

இதன் முதன்மைக் குறை பெறும் பக்கத்தில் உள்ளது. செய்தி எத்தளத்திலிருந்து வந்தது என்பதை உலாவி 'ஆரிஜின்' என்ற பண்பில் தருகிறது. அனுப்புபவர் அதை மாற்ற முடியாது. ஆனால் பெறுபவர் அதைச் சரிபார்த்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சூயெல் சன், விட்டாலி ஷ்மாட்டிகோவ் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வு, முன்னணி 10,000 தளங்களை ஆராய்ந்து, அவற்றுள் 84 தளங்கள் இதனால் தாக்குதலுக்கு இடம் தருவதைக் காட்டியது.

சரிபார்ப்பிலும் பிழை நேர்வதுண்டு. முகவரிக்குள் 'எக்சாம்பிள்.காம்' உள்ளதா என்று மட்டும் தேடினால், 'எக்சாம்பிள்.காம்.திருடன்.நெட்' என்பதும் ஏற்கப்படும். முழு முகவரியையும் ஒப்பிடுவதே சரியான முறை.

அனுப்பும்போது இலக்கைக் குறிப்பிடாவிட்டால், செய்தி அதே மூலத்துக்கு மட்டுமே சேரும் என்கிறது இன்றைய எச்டிஎம்எல் தரநிலை. பெறுபவருக்கு இத்தகைய காப்பு இல்லை. நிரலர் மறந்தால் எவர் செய்தியும் ஏற்கப்படும். மறதிக்கு இடம் தரும் இவ்வடிவமைப்பே தவறுகளுக்கு மூலகாரணம்.